வீட்டில் ஒரு வேலை அறை: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தபடி எழுத்து, ஓவியம், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, படத்தொகுப்பு, கணினி நிரல் என்று கண்ணும் தலையும் உழைக்கிற வேலை பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் வெயில், காற்று, வீட்டு அமைப்பு ஆகியவற்றை வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வெளியூர்ப் படங்களைப் பார்த்து அமைத்த அறைகள் இங்கே மதியத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கின்றன. வெயில் வரும் வழியைப் பார்க்காமல் முதலில் மேசையை வாங்கிவிடுவதுதான் காரணம்.

வீட்டில் எந்த இடத்தை வேலை அறையாக வைத்துக்கொள்வது?

ஒரு இடத்தைத் தேடாதீர்கள், இரண்டைத் தேடுங்கள். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. நம் ஊர் வீட்டில் வெப்பம் நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதனால் வேலையும் இடம் மாறினால்தான் உடம்பு ஒத்துழைக்கும்.

பழைய வீடுகளில் இது சுலபம். காலை 6 முதல் 11 வரை தார்சாவில் (வாசலை ஒட்டிய முன்கூடம்) அல்லது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் நல்ல வெளிச்சமும் காற்றும் இருக்கும். 11 மணிக்கு மேல் பட்டாசல் (நடுக்கூடம்), அதற்கும் உள்ளே அரங்கு என்கிற உள்ளறை. ஒன்றரை அடி கனச் சுவருக்குள் இருக்கும் அரங்கு, வெளியே கொளுத்தும்போதும் குளுமையாக இருக்கும். ஆனால் இருட்டு, காற்றோட்டம் குறைவு. கதவைத் திறந்து வைத்து, வாசலுக்கு வெளியே காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி ஒரு மேசை ஃபேன் வைத்தால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

புது கான்கிரீட் வீடாக இருந்தால் கிழக்கு அறை மதியத்துக்கு மேலும், மேற்கு அறை காலையிலும் ஏற்றவை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேற்கு அறையில் மேசையைப் போட்டுவிட்டு, 3 மணி வெயிலோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

எந்த அறை என்று முடிவு செய்யும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 3 நாள், ஒவ்வொரு அறையிலும் காலை 9, மதியம் 1, மாலை 4 மணிக்குச் சாதாரண நாற்காலியைப் போட்டு 15 நிமிடம் உட்காருங்கள். வெயில் எங்கே விழுகிறது, ஃபேன் இல்லாமல் இருக்க முடிகிறதா, எந்தச் சத்தம் கேட்கிறது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாள் சொல்வதைக் கேட்டால் செலவில் பாதி மிச்சம்.

வடக்குச் சன்னலில் வெயிலே வராது என்கிறார்களே, சரிதானா?

வடநாட்டில் உச்சிவேளைக்குச் சரி, நமக்கு அதுவும் முழுதாகச் சரியல்ல. திருநெல்வேலி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 பாகையில். சித்திரை பிறப்பை ஒட்டி உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன் பிறகு ஆவணி நடுவரை நமக்கு வடக்குப் பக்கமாகவே போகிறது. ஆனியில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி மறைகிறது. ஆகவே வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மாலை 4 மணிக்கு மேல் வடக்குச் சன்னலிலும் வெயில் சாய்ந்து உள்ளே வரும். சன்னலின் மேற்கு ஓரத்தில் வெளிப்பக்கமாக, சுவருக்குச் செங்குத்தாக ஒன்றரை அடி அகலத்தில் ஒரு மறைப்பு கொடுத்தால் பெரும்பகுதி தடுபடும். மேலே உள்ள சன்ஷேடு இந்தச் சாய்ந்த வெயிலைத் தடுக்காது.

தெற்குச் சன்னலைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. மார்கழி உச்சியிலும் சூரியன் சுமார் 58 பாகை உயரத்தில் இருக்கிறது. 2 அடி சன்ஷேடு அப்போது 3 அடிக்குச் சற்றுக் கூடுதலாக நிழல் தரும். 4 அடி உயரச் சன்னலின் அடியில் ஒரு பட்டை வெயில் மட்டும் விழும்.

மேற்குச் சன்னலுக்கு ஒரே மருந்து வெளிப்பக்கத் தட்டி. உள்ளே எத்தனை கனமான திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் அறைக்குள்தான் தங்கும். மூங்கில் தட்டியைச் சன்னலுக்கு வெளியே அரை அடி தள்ளித் தொங்கவிடுங்கள். பத்தமடைப் பாயை வெளியே கட்டாதீர்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த நல்ல பாய் மழையிலும் வெயிலிலும் ஒரே பருவத்தில் பாழாகிவிடும். அதன் இடம் உள்ளே.

மாடி அறைதான் இருக்கிறது. மதியம் 3 மணிக்கு மேல் உட்கார முடியவில்லை.

காலையிலிருந்து வெயில் வாங்கிய கான்கிரீட் தளம், அந்தச் சூட்டைப் பல மணி நேரம் கழித்துத்தான் கீழே விடுகிறது. அதனால்தான் வெயில் தணிந்த பிறகும் அறை கொதிக்கிறது. ஃபேனை வேகமாக வைத்தால் தளத்தை ஒட்டிய சூட்டுக் காற்று தலையில் இறங்கும், அவ்வளவுதான்.

சூட்டைத் தளத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும். செலவு குறைந்த வழி வெள்ளைப் பூச்சு. தளத்தைத் தேய்த்துக் கழுவி, பாசி நீக்கி, நன்றாகக் காய்ந்த பின் மாசியிலோ பங்குனி தொடக்கத்திலோ சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள். ஐப்பசி மழையில் கரையும், தூசி படிந்தாலும் பலன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயிண்ட் சில ஆண்டுகள் தாங்கும். தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பது அதைவிட நிரந்தரம். மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடுவது அருமையான நிழல்தான், ஆனால் தீபாவளி வெடிக்கு முன் பிரித்துவிட வேண்டும்.

உள்ளே ஜிப்சம் கூரை அமைத்தாலும் குளுமை கொஞ்சம் கூடும். 10 அடி உயர அறையில் அது அரை அடியைச் சாப்பிட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபேன் இறக்கை தரையிலிருந்து 8 அடிக்குக் கீழே வரக்கூடாது. தெர்மோகோல் ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் உருகி எரிந்தபடி தலைமேல் சொட்டும்.

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது சித்திரை, வைகாசியின் வறண்ட காற்றில் பாளையங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கம் நன்றாக வேலை செய்யும். திருச்செந்தூர், காயல்பட்டினம் போன்ற கடலோரங்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அத்தனை பலன் கிடைக்காது.

ஏசி போட்ட பிறகு மதியம் தூக்கம் தூக்கமாக வருகிறது. ஏன்?

சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 10க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே சுமார் 28,000 லிட்டர் காற்று. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். முழுதாக அடைத்த அறையில் அதன் அளவு மணிக்கு 600 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்ற அளவு) மேல் ஏறும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் அளவில் இருப்பது, இரண்டு மணி நேரத்தில் 1,600ஐத் தாண்டிவிடும். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடுகிறது, புதுக்காற்று கொண்டுவருவதில்லை.

மணிக்கு ஒருமுறை கதவையும் சன்னலையும் 5 நிமிடம் திறந்து வைத்தால் போதும். குளிர்நிலையை 26 அல்லது 27இல் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுங்கள். கண்ணும் வறளாது, கரண்ட் பில்லும் குறையும்.

மேசை எத்தனை உயரம் இருக்க வேண்டும்?

கடை மேசைகள் 29 முதல் 30 அங்குலம் இருக்கும். நம்மில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது அதிகம். தோள் தூக்கியபடியே இருக்கும். மாலையில் கழுத்தும் தோளும் கடுக்கும். வேலையில் மனம் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் வலிதான் மனதை இழுத்துக்கொண்டிருக்கும்.

அளவு எடுப்பது இப்படி. பாதம் முழுதும் தரையில் படும்படி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பாகம் வரை இன்னொருவர் டேப்பால் அளக்கட்டும். மேசைப் பலகையின் மேற்புறம் அந்த அளவிலோ அரை அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். 5 அடி உயரமுள்ளவருக்கு இது 24 அங்குலத்தை ஒட்டி வரும்.

மரமேசையாக இருந்தால் ஆசாரியிடம் சொல்லிக் காலை அறுத்துக்கொள்ளலாம். அறுக்க மனமில்லை என்றால் நாற்காலியை உயர்த்துங்கள். அப்போது கால் அந்தரத்தில் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். அதற்கு நம் வீட்டு மணைப்பலகையே தோதானது. நாற்காலி எத்தனை அங்குலம் உயர்ந்ததோ அத்தனை அங்குல உயரத்துக்கு மணையைக் காலடியில் வையுங்கள். பலகைக்கு அடியில் இழுப்பறை வைக்காதீர்கள், தொடைக்கு இடம் போய்விடும்.

நாற்காலியில் ரெக்சின் உறை வேண்டாம், முதுகு நனைந்துவிடும். பிரம்பு பின்னிய பழைய நாற்காலியோ வலை முதுகு வைத்த அலுவலக நாற்காலியோ போதும். இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள்.

லேப்டாப்பை மட்டும் வைத்து நாள் முழுதும் வேலை செய்தால், திரை சரியான உயரத்துக்கு வந்தால் கை தூக்கும், கை சரியானால் கழுத்து குனியும். 5 அல்லது 6 அங்குலம் உயர்த்தி வைத்து, கீபோர்டும் மவுசும் தனியாக வாங்குங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் 2 அங்குலம் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிப் பின்கழுத்து பிடித்துக்கொள்ளும்.

தரையில் உட்கார்ந்துதான் எழுத வரும். தப்பா?

தப்பே இல்லை. கணக்கப்பிள்ளை மேசை என்று சொல்கிற சாய்வு மேசை, முன்பக்கம் 10, பின்பக்கம் 13 அங்குலம் என்று செய்தால் எழுதவும் வரையவும் உகந்தது. உட்காரும்போது இடுப்பு 3 அங்குலம் உயர, அடியில் ஒரு மடித்த ஜமக்காளம் போட்டுக்கொள்ளுங்கள். முதுகு தானாக நிமிரும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். கணினி வேலைக்கு இது ஒத்துவராது.

மேசை செய்ய எந்தப் பலகை நல்லது?

பழைய தேக்குக் கதவு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. புதிதாகச் செய்வதானால் ஈரம் தாங்கும் பிடபிள்யூஆர் வகை பிளைவுட், 18 அல்லது 19 மில்லிமீட்டர். 4 அடி நீளப் பலகையின் முன்விளிம்புக்கு அடியில் 2 அங்குல மரச்சட்டம் ஓடவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்று ஆண்டில் நடுவில் தொய்யும். பார்ட்டிகிள் போர்டு சாரல் பிடிக்கிற ஊர்களில் ஊதிப்போகும். அகலம் 24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, தாளில் வேலை செய்பவர்களுக்கு 30 வேண்டும்.

வெளிச்சம் எப்படி அமைப்பது?

சன்னல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கம் சன்னல்.

மின்விளக்கின் ஒளி நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடக் கூட வெண்ணீலம், குறையக் குறைய மஞ்சள். பகலில் 4000 கெல்வின், இரவு 7 மணிக்கு மேல் 2700 அல்லது 3000 கெல்வின். இரவிலும் பளீரென்ற 6500 கெல்வின் விளக்கின் கீழ் இருந்தால் படுத்த பிறகு தூக்கம் தள்ளிப்போகும். படம் வரைபவர்கள், தையல் வேலை செய்பவர்கள், துணி நிறம் பார்ப்பவர்கள் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் உள்ள விளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண விளக்கில் பொருத்திய சிவப்பு, பகலில் வேறு சிவப்பாகத் தெரிவது அந்தக் குறையால்தான்.

விளக்கைக் கூரையில் ஃபேனுக்கு மேலே போடாதீர்கள். இறக்கை நிழல் மேசையில் துடித்துக்கொண்டே இருக்கும். தலைவலிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கரண்ட் போனால் வேலை கெடுகிறது. எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர்?

முதலில் கணக்குப் போடுங்கள். லேப்டாப் 65 வாட், குறைந்த மின்சாரம் இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 32, விளக்கு 20, ரவுட்டர் 12. மொத்தம் ஏறக்குறைய 130 வாட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 முதல் மதியம் 2 வரை போனால் 5 மணி நேரம், அதாவது 650 வாட்-மணி தேவை.

12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பெயரளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. லெட்-ஆசிட் பேட்டரியை 60 விழுக்காட்டுக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், இன்வெர்ட்டரிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். கைக்கு வருவது சுமார் 860. ஆறரை மணி நேரம் தாங்கும். 100 ஏஎச் வாங்கினால் நாலரை மணி நேரம்தான். ஏசி இதில் சேராது.

கரண்ட் மாறும்போது டெஸ்க்டாப் அணைந்து எழுகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள பொத்தான் யூபிஎஸ் பக்கம் இருக்கிறதா பாருங்கள். இன்னொரு பக்கத்தில் இருந்தால் மாறுவதற்கு அதிக நேரம் எடுக்கும். பேட்டரியை வேலை அறைக்குள் வைக்கக்கூடாது, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். இடி மின்னல் தொடங்கியதும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் இணைப்பு கண்ணாடி இழைதான், ஆனால் ரவுட்டருக்குப் போகும் அடாப்டர் வழியாக மின்னல் வரும்.

பழைய வீடு. அரங்கு வரை வைஃபை வரவில்லை.

கனச் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மங்கிவிடும், 2.4 ஓரளவு வரும். பூஸ்டருக்குச் செலவழிப்பதைவிட கேட்-6 நெட்வொர்க் கேபிள் ஒன்றை நிலைப்படியை ஒட்டிக் குழாயில் இழுத்து, அறையில் இரண்டாவது ரவுட்டர் வையுங்கள். பாபநாசம், குற்றாலம் பக்கம் வெளியே ஓடும் கேபிளைக் குழாய்க்குள் விட்டே ஆக வேண்டும், குரங்கு விட்டுவைக்காது.

ஆடிக் காற்றில் ஒரே தூசி, தாள் பறக்கிறது.

ஆனியில் தொடங்கும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நெருக்கிக்கொண்டு வந்து சமவெளியில் வீசுகிறது. காற்றாலைகள் கயத்தாறிலும் முப்பந்தலிலும் நிற்பது இதனால்தான். மேற்குச் சன்னலின் கீழ்ப்பாதியை மூடி மேல்பாதியை மட்டும் திறந்தால் காற்று தலைக்கு மேலே போகும். கொசுவலை பாதித் தூசியைப் பிடிக்கும்; வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் காற்றும் வெளிச்சமும் அதிலேயே நின்றுவிடும். கிழக்குப் பக்கம் ஒரு திறப்பு இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியேறும்.

தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் புத்தகம், கேமரா எல்லாம் பூஞ்சை பிடிக்கிறது.

அலமாரியைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்தி வையுங்கள். கரையான் ஏறும் மண்கோடும் அப்போதுதான் கண்ணில் படும். லென்சுகளை ரப்பர் விளிம்புள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானியைப் போடுங்கள். 40 முதல் 50 விழுக்காடு நல்லது. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் இரும்புச் சட்டியில் சிறுதீயில் காயவைத்து மறுபடி போடலாம். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்கு உதவும், பூஞ்சைக்கு உதவாது.

கோவில் கொடை (ஊர்க் கோவில் திருவிழா) நேரத்தில் ஒலிப்பதிவு செய்ய முடியவில்லை. திரை போட்டால் சத்தம் குறையுமா?

குறையாது. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று, அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறொன்று. கனத் திரை, மெத்தை, புத்தக அலமாரி எல்லாம் இரண்டாவதற்குத்தான். வெளிச்சத்தத்துக்குக் கதவின் அடி இடைவெளியையும் சன்னல் விளிம்பையும் ரப்பர் பட்டையால் அடைக்க வேண்டும். அப்போதும் தெருமுனை ஒலிபெருக்கியை வெல்ல முடியாது. சித்திரை, வைகாசி, ஆடி மாதக் கொடை நாட்களை ஊரில் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டு, பதிவை மற்ற நாட்களில் வைப்பதே வழி. அந்த இரவில் வில்லுப்பாட்டைப் போய்க் கேளுங்கள், எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் அதைவிட நல்ல தீனி கிடையாது.

எதிரொலிக்கு: இலவம்பஞ்சு மெத்தையை மைக்கின் எதிர்ப்பக்கம், பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பாய் மெல்லியது, கீச்சொலியை மட்டும் சற்று அடக்கும்.

வாஸ்துப்படி கிழக்கு பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்கிறார் மாமா.

தாராளமாக. கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் வடக்குச் சன்னல் இடப்பக்கம் வருகிறது. வலக்கைக்காரருக்கு அதுதான் சரியான வெளிச்சம். எதிரே கிழக்குச் சன்னல் இருந்தால் மட்டும் காலை 9 வரை தட்டியை இறக்கிவிடுங்கள்.

அறை அமைப்பால் புது யோசனை வருமா?

யோசனையை அறை தராது. வருகிற யோசனையைக் கலைக்காமலும் தொலைக்காமலும் பார்த்துக்கொள்ளும், அதுவே பெரிய உதவி. அதற்கு மூன்று விஷயங்களை வலியுறுத்துகிறோம்.

கண்ணுக்குத் தூரம் வேண்டும். திரையிலிருந்து தலையைத் தூக்கினால் 20 அடிக்கு அப்பால் ஏதாவது தெரிய வேண்டும்: வேப்பமரம், தெரு, அம்பாசமுத்திரம் பக்கமானால் மலை. கண்தசை தளரும், மனமும் தளரும். சுவரைப் பார்த்து உட்கார வேண்டிய கட்டாயம் இருந்தால் நாற்காலியைத் திருப்பியதும் வாசல் தெரிகிற மாதிரி போடுங்கள்.

அரைகுறை வேலை கண்ணில் பட வேண்டும். 4 அடிக்கு 3 அடி மென்பலகையைச் சுவரில் அடித்து, வரைந்த தாள், குறிப்பு, துணித்துண்டு எதையும் குத்தி வையுங்கள். கோப்புக்குள் மூடி வைத்த யோசனை மறந்துபோகும். நடந்துபோகும்போது ஓரக்கண்ணில் படுவது உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தப் பலகை திரைக்குப் பின்னால் இருக்கக்கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

கணக்கு வழக்கு, பில், மின்னஞ்சல் ஆகியவற்றை ஆக்க வேலை நடக்கும் மேசையில் செய்யாதீர்கள். இன்னொரு மேசைக்கு இடமில்லை என்றால் திண்ணையிலோ சாப்பாட்டு மேசையிலோ உட்கார்ந்து முடியுங்கள். உட்கார்ந்ததும் கை எதைத் தேடுகிறது என்பது இடத்தோடு ஒட்டிக்கொள்கிற பழக்கம்.

செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா?

ஒன்றிரண்டு தொட்டியால் காற்று சுத்தமாகாது. கண்ணுக்கு இதம் என்பதற்காக வையுங்கள், அதுவே போதிய காரணம். மணி பிளாண்ட் உள்ளே பிழைக்கும், கற்பூரவல்லி சன்னல் ஓரம் பிழைக்கும், துளசிக்கு நேர் வெயில் வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் இருமுறை கொட்டாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும்.

ஆற்றங்கரைப் பக்கம் தரைத்தள வீடு. என்ன கவனிக்க வேண்டும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது, தாமிரபரணி பெருகி நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. பிளக் பாயிண்டுகளை 4 அடி உயரத்தில் வையுங்கள். பேட்டரிக்கும் சிபியூவுக்கும் சுவரில் இரும்புத் தாங்கி அடித்துவிடுங்கள். வேலைக் கோப்புகளின் ஒரு நகல் வீட்டுக்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ வேறு ஊர் உறவினர் வீட்டு ஹார்ட் டிஸ்கிலோ இருக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றிவிடுவது நல்ல வழக்கம்.

வீட்டில் இருப்பதால் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். வேலையும் முடிவதே இல்லை.

கதவு இருந்தால் ஒரு விதி போதும்: முழுதும் சாத்தியிருந்தால் கூப்பிடக்கூடாது, ஒருக்களித்திருந்தால் வரலாம். நாள் முழுதும் சாத்தி வைத்தால் அந்த விதி ஒரு வாரம்கூட நிற்காது. ஒன்றரை மணி நேரம் சாத்தினால் அரை மணி நேரம் திறந்திருங்கள். பெரியவர்களும் குழந்தைகளும் அந்த நேரத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். மாலையில் வேலை முடிந்ததும் வேலை மேசையின் சுவிட்சை அணைத்து, மேசை மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். பட்டாசலில் மூலையில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். மூடாத மேசை இரவு 10 மணிக்கும் உங்களைக் கூப்பிடும்.

கையில் பணம் கொஞ்சம்தான். எதை முதலில் வாங்குவது?

முதலில் எதையும் வாங்காமல் இடத்தை மாற்றுங்கள், மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள், காலடியில் மணை வையுங்கள். அடுத்தது தனிக் கீபோர்டும் மவுசும். பிறகு மேற்குச் சன்னலுக்குத் தட்டி, தளத்துக்குச் சுண்ணாம்பு. அதன் பின் மேசை விளக்கு. நல்ல நாற்காலி ஐந்தாவது. இன்வெர்ட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வேலை அறைக்கு ஒரு லைன் இழுக்க எலக்ட்ரீஷியனுக்குக் கூலி மட்டும்தான். புது மேசையும் ஏசியும் கடைசி. ஏசி வாங்கத்தான் வேண்டுமென்றால் 100 முதல் 120 சதுர அடி அறைக்கு 1 டன் போதும், ஆனால் தளத்துக்கு வெள்ளை அடித்து ஒரு கோடை கழிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.